240 டாலர் கொடுத்து வாங்கிய "ரியலிஸ்டிக் காயம்" பேக்கேஜ்: தயவுசெய்து ஏமாறாதீர்கள்

நேற்று இரவு கடைசிப் பதில் வந்தது: "ஃபைல் டவுன்லோட் செய்யப்பட்டுவிட்டதால் பணம் திருப்பித் தர இயலாது." அவ்வளவுதான், 240 டாலர் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காலனி சர்வைவல் கேம் (ஒரு சிறு குடியிருப்பில் இருப்பவர்களைப் பிழைக்க வைக்கும் கேம்) செய்கிற சின்ன டீம்கள் எல்லாம் இதே போன்ற கடையில்தான் தேடுவார்கள். கேம் இன்ஜினுக்கு (கேமை உருவாக்கப் பயன்படும் மென்பொருளுக்கு) ரெடிமேட் பேக்கேஜ் விற்கும் ஆன்லைன் கடை அது. விற்றவர் தனி ஆள். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

விற்பனைப் பக்கத்தில் இருந்தது இது: உறுப்பு வாரியாகக் காயம், நான்கு நிலை ரத்த இழப்பு, வலி, கவசம், "முழுக்க பேலன்ஸ் செய்யப்பட்ட 22 ஆயுதங்கள்". நம்ப வைத்தது ஒரு அட்டவணை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் எடை, வேகம், ஜூல் (ஆற்றலின் அலகு) கணக்கு. 9 மி.மீ. பிஸ்டலுக்கு 8 கிராம், வினாடிக்கு 360 மீட்டர், 518 ஜூல். பெரிய ரைஃபிளுக்கு 9.5 கிராம், 840 மீட்டர், சுமார் 3,350 ஜூல். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கிப் பார்த்தால் எல்லாமே சரி. இவ்வளவு கவனமாக எழுதியவர் மற்றதிலும் கவனமாகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கை அங்கே வந்தது. ஆனாலும் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி அனுப்பினோம்: இருபது பேர் ஒரே நேரத்தில் சண்டை போட்டால், கேமை மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினால் தாங்குமா? பத்தே நிமிடத்தில் பதில்: "தாராளமாக, பெரிய காலனியில் சோதித்ததுதான்." அந்த ஒரு வரியை நம்பித்தான் 240 டாலர் கட்டினோம்.

முதல் அடி அந்த அழகான அட்டவணையிலேயே இருந்தது. ஜூல் எண்ணை அப்படியே நேர்விகிதத்தில் டேமேஜாக (ஒரு அடி குறைக்கும் உயிர்ப்புள்ளியாக) மாற்றியிருக்கிறார். பிஸ்டலுக்கு 10 என்றால் ரைஃபிளுக்கு 65. மார்புக்கு மொத்தம் 40 உயிர்ப்புள்ளி. அதாவது ரைஃபிள் குண்டு மார்பில் பட்டால் ஒவ்வொரு முறையும் சாவு, பிஸ்டலுக்கு நான்கு குண்டு வேண்டும். நிஜத்தில் தோட்டாவின் ஆற்றல் எப்போதும் முழுவதுமாக உடம்பில் இறங்குவதில்லை. துளைத்து வெளியே போகும்போது ஒரு பங்கை எடுத்துக்கொண்டே போகிறது. எந்த உறுப்பைக் கிழித்தது என்பதுதான் ஆளின் கதியைத் தீர்மானிக்கிறது. எளிய தீர்வு, ஆற்றலின் வர்க்கமூலத்தை எடுப்பது. 3,350க்கும் 518க்கும் உள்ள விகிதம் ஆறரை, வர்க்கமூலம் இரண்டரை. பிஸ்டல் 10, ரைஃபிள் 25. ரைஃபிள் இன்னும் பயங்கரமானதுதான், ஆனால் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓட வாய்ப்பு இருக்கிறது. காலனி கேமின் உயிரே அந்த வாய்ப்பில்தான் இருக்கிறது.

அடுத்தது எந்த உறுப்பில் படும் என்ற கணக்கு. மார்பு 40, தலை 10, கைகள் தலா 12, கால்கள் தலா 18 என்று எடை (குண்டு அங்கே படும் வாய்ப்பின் பங்கு) கொடுத்திருக்கிறார். கூட்டிப் பாருங்கள், 110 வருகிறது. கோட் பகடை போல உருட்டி எடுக்கும் எண்ணோ 1 முதல் 100 வரை. பட்டியலில் வலது கால் கடைசி, அது 93இல் தொடங்குகிறது. ஆகவே அதற்கு 18க்குப் பதில் எட்டுதான் கிடைக்கிறது. எங்கள் சோதனையில் பெரும்பாலானவர்கள் இடது காலிலேயே நொண்டிக்கொண்டு திரிந்தபோதுதான் சந்தேகமே வந்தது. கூட்டுத்தொகையை முதலில் கணக்கிட்டு அதற்குள் உருட்ட வேண்டும். ஒரே வரி வேலை.

தலைக்கு வந்த பத்தையும் மேற்கொண்டு பிரிக்கவே இல்லை. தலையில் பட்டால் உடனே சாவு. கேம் முழுவதும் ஒருவன் பத்து குண்டு வாங்கினால், அதில் ஒன்றாவது தலையில் பட 65 சதவீத வாய்ப்பு. கவசமும் வைத்தியமும் எதற்கு அப்போது? தாடை, காது, கண், மூக்கு, மண்டையோடு என்று பிரித்து, மண்டையோட்டைத் தாண்டினால்தான் மூளை என்று வைத்திருந்தால் ஒற்றைக் கண்ணோடு பிழைத்தவர்களும் காலனியில் இருப்பார்கள். ஆட்டக்காரர்கள் மறக்காத பாத்திரங்கள் அவர்கள்தான்.

எனக்கு இன்னும் வயிறு எரிவது விரல் விஷயத்தில். விரலுக்கு 8 புள்ளி. 25 டேமேஜ் பட்டால் விரல் போகிறது, சரி. மிச்சம் 17ஐ என்ன செய்கிறார் தெரியுமா? நேராக மார்பில் இறக்குகிறார்! மூன்று விரலில் ஒவ்வொரு குண்டு பட்டவன் நெஞ்சு வெடித்துச் செத்தான். மிச்சத்தைக் கைவிட வேண்டும், அல்லது ஒரு வரம்பு வைத்து உள்ளங்கைக்கு மட்டும் கடத்த வேண்டும்.

கவசம் வெறும் கழித்தல். டேமேஜிலிருந்து கவச எண்ணைக் கழிப்பது. ஷாட்கன் 9 சிதறல், ஒவ்வொன்றும் 6. கவசம் 5 என்றால் மொத்தம் 9 இறங்குகிறது. கவசம் 6 ஆனால் பூஜ்யம். ஒரே ஒரு புள்ளியில் ஒரு ஆயுதம் விறகுக்கட்டை ஆகிவிடுகிறது. ரிம்வேர்ல்ட் என்ற காலனி கேமில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. கவச மதிப்பிலிருந்து ஆயுதத்தின் ஊடுருவலைக் கழித்து, மிச்சத்தை நூறுக்குள் உருட்டும் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். எண் அந்த மிச்சத்தில் பாதிக்குக் கீழே விழுந்தால் அடி முழுக்கத் தடுக்கப்படும். பாதிக்கும் முழுமைக்கும் இடையில் விழுந்தால் டேமேஜ் பாதியாகி, கூர்மையான அடி மழுங்கிய அடியாக மாறும், அதாவது குண்டு துளைக்காமல் கன்றிப்போகும். அதற்கும் மேலே என்றால் முழு அடி. சிறு ஆயுதமும் முழுக்கப் பயனற்றுப் போவதில்லை, கவசமும் சுவராகிவிடுவதில்லை.

ரத்தப்போக்குதான் உச்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் படம் ஒருமுறை மாறுவதற்கு) 0.02 சதவீத ரத்தம் குறைகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கம்ப்யூட்டரில் 83 நொடியில் சாவு. 144 ஃபிரேமில் 35 நொடி. 30 ஃபிரேமில் 167 நொடி. டெமோ வீடியோ 30 ஃபிரேமில் எடுத்தது, அதனால்தான் அங்கே வைத்தியர் எப்போதும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார். இதைவிட மோசம், மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினால் வைத்தியர் மூன்று மடங்கு விரைகிறார், ரத்தம் மட்டும் பழைய வேகத்திலேயே வடிகிறது. வேகப் பொத்தானே மருந்து! நாங்கள் குறிப்பாகக் கேட்டதற்கு "தாராளமாக" என்று சொன்னாரே, அது இதுதான். ரத்தக் கணக்கு ஃபிரேமில் ஓடக்கூடாது, கேம் நேரத்தின் டிக்கில்தான் (கேமின் சொந்தக் கடிகாரத் துடிப்பில்தான்) ஓட வேண்டும்.

நான்கு நிலை என்று விளம்பரப்படுத்தியதற்குக் கோடில் இருப்பது ஒரே நிபந்தனை: ரத்தம் பூஜ்யமானால் சாவு. அதுவரை ஆள் ஓடுகிறான், சுடுகிறான், மரம் வெட்டுகிறான். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். 15 சதவீதம் வரை போனால் பெரிதாக வெளியே தெரியாது. 15 முதல் 30 வரை நாடி துடிப்பு ஏறும், பதற்றம் வரும். 30 முதல் 40 வரை ரத்த அழுத்தம் இறங்கி, மனம் குழம்பும். 40ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இந்த வரிசையை நடை வேகத்தோடும் குறிதவறலோடும் இணைத்தாலே போதும். கடிகாரத்தை மட்டும் நிஜத்திலிருந்து எடுக்காதீர்கள். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். கேமின் ஒரு நாள் திரையில் 16 நிமிடம் என்றால் அது சில நொடிதான், வீரனை அடையாளம் காணவே அவகாசம் இருக்காது. எது முதலில், எது பிறகு என்ற வரிசைதான் நிஜமாக இருக்க வேண்டும், நேரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

ஆயுதங்களின் "நொடிக்கு டேமேஜ்" எண்களும் பொய். வேறொரு ரைஃபிளுக்கு 24 டேமேஜ், குறிபார்க்க 1.8 நொடி, சுட்டபின் ஓய்வு 1.4 நொடி. அவர் ஓய்வை மட்டும் எடுத்து 17 என்று போட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்தால் 7.5. பத்தில் ஏழுதான் படும் என்றால் ஐந்தேகால். இந்த எண்ணை நம்பி எதிரிகளின் எண்ணிக்கையை வைத்தால் முதல் தாக்குதலிலேயே காலனி காலி.

குணமாகும் நாட்களைப் பற்றி எதுவுமே இல்லை. எலும்பு முறிவு ஆற நிஜத்தில் பொதுவாக ஆறு வாரம் போல ஆகும். கேம் ஆண்டுக்கு 60 நாள் என்றால் ஏறக்குறைய ஏழு நாள். எட்டுப் பேரில் மூவர் படுத்து, ஒருவர் பார்த்துக்கொண்டால் விதைக்கவும் சமைக்கவும் நான்கு பேர்தான் மிச்சம். ஒருவரோடு ஒருவர் மோதும் காலி மைதானத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது எப்படித் தெரியும்?

இதையெல்லாம் வரி எண்ணோடு எழுதி அனுப்பினோம். முதல் பதில், "உங்கள் செட்டிங் பிரச்சினை." எந்த செட்டிங் என்று கேட்டதற்கு, "அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும்." அடுத்த வெர்ஷன் எப்போது என்றதற்கு ஒன்பது நாள் பதிலே இல்லை. கடைக்குப் புகார் டிக்கெட் போட்டால் "விற்பனையாளரிடம் பேசுங்கள்". அவரிடம் போனால் "பணம் கடையிடம் இருக்கிறது". கூட்டினால் 110 வரும் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியும் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 240 டாலர்! அந்தப் பணத்துக்கு ஒரு டெஸ்டரை வைத்திருக்கலாம்.

வாங்கப் போகிறவர்கள்: டவுன்லோட் பட்டனை அழுத்தும் முன் ரீஃபண்ட் விதியைக் கடைசி வரி வரை படியுங்கள். ஃபிரேம் எண்ணை மாற்றி எடுத்த இரண்டு வீடியோ கேளுங்கள், தராவிட்டால் வாங்காதீர்கள். உறுப்பு எடைகளின் கூட்டுத்தொகையைக் கேளுங்கள். விற்பவர் சாட்டில் சொல்லும் வாக்குறுதி எதையும் நம்பாதீர்கள், விற்பனைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லி, எழுதிய பிறகு பணம் கட்டுங்கள்.