போஸ்ட்கிரெஸுக்கு மாறியாச்சு, எல்லாம் சரி, இந்த வேக்யூம் மட்டும்...

ஆரக்கிள் டேட்டாபேஸை விட்டுவிட்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு வரலாமா என்று பழைய சக ஊழியர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன். அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. ஊதிப்போன டேபிள் ஒன்றை இப்போதுதான் ரீபேக் (டேபிளைப் புதிதாக எழுதிச் சுருக்கும் கருவி) போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மைக்ரேஷன் என்றாலே எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது அவ்வளவு மோசமில்லை. டேபிள்களையும் டேட்டாவையும் ஓராடூபிஜி என்ற மாற்றும் கருவி பெரும்பாலும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஃபங்ஷன்களை ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கும் பேக்கேஜ் என்ற சங்கதியே இங்கே கிடையாது, அதை உட்கார்ந்து பிரித்து எழுதினோம். வெற்று ஸ்ட்ரிங்கை ஆரக்கிள் 'நல்' (மதிப்பே இல்லை) ஆகத்தான் பார்க்கும், ஸ்ட்ரிங்குகளை ஒட்டும்போது அதைக் கண்டுகொள்ளாது. இங்கே 'நல்'லோடு எதை ஒட்டினாலும் மொத்தமும் 'நல்'. இனிஷியல் இல்லாதவர்களின் பெயரே ரிப்போர்ட்டில் காணாமல் போனது. 'நல்'லைக் கண்டுகொள்ளாமல் ஒட்டும் கான்காட் ஃபங்ஷனுக்கு மாற்றியதும் தீர்ந்தது. இதெல்லாம் ஒருமுறை வலி.

தீராத வலி வேக்யூம், அதாவது டேபிளில் சேரும் குப்பையைத் துடைக்கும் வேலை. டேபிளில் ஒரு ரோவை (வரியை) அப்டேட் செய்தால் ஆரக்கிள் பழைய பதிப்பை அன்டூ என்ற தனி இடத்தில் தள்ளிவிடும். போஸ்ட்கிரெஸ் அதை அந்த டேபிளிலேயே கிடத்திவிட்டுப் புதியதைப் பக்கத்தில் எழுதும். செத்த ரோக்களைக் கூட்டிப் பெருக்கத்தான் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம். அது எப்போது எழுந்திருக்கும்? டிஃபால்ட் ஸ்கேல் ஃபேக்டர் 0.2, அதாவது டேபிளில் ஐந்தில் ஒரு பங்கு. பத்துக் கோடி ரோ உள்ள டேபிளில் இரண்டு கோடி ரோ செத்தால்தான் துடைப்பத்தையே தொடும்! பெரிய டேபிள்களுக்கு மட்டும் 0.01 என்று குறைத்து வைத்தோம். அத்தோடு முடியவில்லை.

எங்கோ ஒரு கனெக்‌ஷன் சின்னதாக ஒரு அப்டேட் அடித்துவிட்டு, கமிட்டும் (உறுதிசெய்வது) இல்லாமல் ரோல்பேக்கும் (திருப்பிவிடுவது) இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகு செத்த ரோக்களை யாரும் அள்ள முடியாது. அந்த டேபிளில் மட்டுமல்ல, அதே டேட்டாபேஸில் சம்பந்தமே இல்லாத டேபிள்களிலும் இதே கதை. விவரத்தோடு ஓடும் வேக்யூம் வெர்போஸ் ஓட்டிப் பார்த்தால், இத்தனை லட்சம் ரோ செத்துவிட்டன, ஆனால் இன்னும் அகற்ற முடியாது என்று கூச்சமே இல்லாமல் சொல்லும். எங்களுக்கு இதைச் செய்தது வெளியிலிருந்து வாங்கிய ஒரு ரிப்போர்ட்டிங் டூல். கனெக்‌ஷனைக் கொன்று வேக்யூம் ஓட்டினாலும் உள்ளே இடம் காலியாகுமே தவிர, ஃபைல் பெரும்பாலும் சுருங்காது. வேக்யூம் ஃபுல் போட்டால் சுருங்கும், ஆனால் முடியும்வரை செலக்ட்கூட வரிசையில் நிற்க வேண்டும். அதனால்தான் ரீபேக், அதற்காக டிஸ்க்கில் தனி இடம், அதற்காக ராத்திரி முழிப்பு.

நியாயமாகப் பார்த்தால் ஆரக்கிளிலும் இந்தப் பழைய பதிப்புத் தொல்லை உண்டு. அன்டூ தீர்ந்தால் நீளமாக ஓடும் க்வெரி 1555 எரர் (தேவையான பழைய பதிப்பு இல்லை) வாங்கிக்கொண்டு சாகும். அங்கே க்வெரி அடிவாங்கும், இங்கே டேபிள் அடிவாங்கும். க்வெரி செத்தால் உடனே தெரியும், டேபிள் ஊதுவது டிஸ்க் அலர்ட் வரும்வரை தெரியாது. என் கோபமெல்லாம் அந்த மௌனத்தின் மேல்தான்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு. டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையை டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, பிடிக்கவில்லை என்றால் ரோல்பேக் செய்துவிடலாம். ஆரக்கிளில் இந்த மாதிரி அமைப்பை மாற்றும் கட்டளை (டிடிஎல்) அடித்த நொடியே கமிட். பாதி ஓடி நின்றுபோன ரிலீஸ் ஸ்கிரிப்டை ராத்திரியில் வரிவரியாகத் திருப்பியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இண்டெக்ஸை கன்கரன்ட்லி (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல்) போடுவது மாதிரி சிலது மட்டும் இதில் அடங்காது. இந்த ஒரு வசதிக்காகவே எங்கள் ரிலீஸ் நாட்கள் சத்தமில்லாமல் போகின்றன. க்வெரி எப்படி ஓடியது என்று எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் காட்டும் விவரத்துக்கும் தனி லைசென்ஸ் கேட்பாரில்லை.

சரி, வரலாமா? இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன். முழுநேர டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) இல்லாத டீம் என்றால் அடுத்த மாதமும் இதையேதான் சொல்வேன். ரிலீஸ் முடிந்த அன்றைக்குக் கேட்டிருந்தால், கூட வந்து உட்கார்ந்து மாற்றிக் கொடுத்திருப்பேன். எப்படியும் வருகிறீர்கள் என்றால், டிரான்சாக்‌ஷனில் சும்மா கிடக்கும் செஷனுக்கான டைம்அவுட்டை முதல் நாளே போடுங்கள். 9.6 பதிப்பிலேயே வந்துவிட்ட வசதி அது, ஆனால் டிஃபால்ட்டாக அணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.