ஏழு வருட ஹெச்.எஸ்.ஏ.: கணக்கு நல்ல கணக்குதான், விலைதான் தெரிவதில்லை

அமெரிக்காவில் அடுத்த வருட இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் நவம்பர் பிறந்தால் போதும், "அக்கா, பிபிஓ எடுக்கவா, ஹெச்.எஸ்.ஏ. வருகிற பிளானை எடுக்கவா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நாங்கள் டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். பிபிஓ என்பது வழக்கமான இன்சூரன்ஸ் பிளான். ஹெச்.எஸ்.ஏ. என்பது ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட், வைத்தியச் செலவுக்காக வரிச் சலுகையோடு பணம் சேர்க்கும் கணக்கு. ஏழு வருடமாக எங்கள் வீட்டில் அதுதான். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் வருடத்தில் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, அதிகமுள்ள பிளான் எடுத்தவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் பணம் போட முடியும். 2025-இல் குடும்பத்துக்கு டிடக்டிபிள் குறைந்தது 3,300 டாலர் இருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் கணக்கில் 8,550 டாலர் வரை போட முடிந்தது, கம்பெனி போடுவதும் அதில் அடக்கம். போடும்போது மத்திய வரி இல்லை, வளரும்போது இல்லை, வைத்தியச் செலவுக்கு எடுக்கும்போதும் இல்லை. சம்பளத்திலேயே பிடித்துப் போட்டால் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிக்கேர் என்ற முதியோர் இன்சூரன்ஸுக்கும் போகிற 7.65 சதவீதமும் மிச்சம். 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் கூட அந்தச் சலுகை கிடையாது. செலவழிக்காத பணம் பெரும்பாலும் கைவிட்டுப் போகும் எஃப்.எஸ்.ஏ. கணக்கு மாதிரி வருடக் கடைசியில் அவசர அவசரமாகக் கண்ணாடி வாங்கித் தீர்க்க வேண்டியதில்லை. மிச்சப் பணம் உங்களுடையது, வேலை மாறினாலும் கூடவே வரும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சிக்காரர்கள் மட்டும், மாநில வரியில் இந்தச் சலுகை இல்லை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனைக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்பதே எனக்கு வெகு நாள் தெரியாது. ஜான் குட்மேன், கொலம்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கிய பொருளாதார நிபுணர். 1983-இல் டாலஸில் நேஷனல் சென்டர் ஃபார் பாலிசி அனாலிசிஸ் என்ற ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். பில்லை வேறொருவர் கட்டும்போது நோயாளியும் விலை கேட்பதில்லை, டாக்டரும் கேட்பதில்லை. சின்னச் செலவுக்கான பணத்தை நோயாளியின் கையிலேயே கொடுங்கள், பெரிய செலவுக்கு மட்டும் இன்சூரன்ஸ் இருக்கட்டும். இதைத்தான் அவர் வருடக்கணக்காக எழுதியும் பேசியும் வந்தார். 1992-இல் ஜெரால்ட் மஸ்கிரேவுடன் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார். 1996-இல் இதே மாதிரிக் கணக்குக்கு ஒரு சின்னச் சோதனைத் திட்டம் வந்தது. 2003 டிசம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட மெடிக்கேர் சட்டத்தில் ஹெச்.எஸ்.ஏ. நுழைந்து, 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவரை ஹெச்.எஸ்.ஏ.வின் தந்தை என்று பத்திரிகைகள் எழுதின. சந்தையை நம்புகிறவர், அவர் சொல்லும் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் விலை கேட்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியது இந்தக் கணக்குதான்.

போன வருடம் என் கணவர் பேட்மிண்டன் ஆடும்போது முழங்காலைத் திருகிக்கொண்டார். டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். அதற்கான பில்லிங் எண்ணை, 73721, ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போனை எடுத்தேன். மருத்துவமனையில் மூன்று பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் வந்தவர், "கிளெய்ம் போன பிறகுதான் தெரியும், மேடம்" என்றார். 2021 ஜனவரியிலிருந்து மருத்துவமனைகள் விலையை இணையத்தில் போட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. போட்டுத்தான் இருந்தார்கள், ஆனால் அந்த ஃபைலைத் திறக்கப் போய் என் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் ஸ்கேன் மட்டும் எடுக்கும் ஒரு தனி சென்டருக்குப் போன் செய்தேன். எண்ணைச் சொன்னதும் அந்தப் பெண் யோசிக்கவே இல்லை: "கையிலிருந்து கட்டினால் 425, இன்சூரன்ஸ் வழியாக என்றால் 900 பக்கம் வரும்." 425-ஐ ஹெச்.எஸ்.ஏ. கார்டிலேயே தேய்த்தோம். ஒன்று நினைவிருக்கட்டும்: இப்படிக் கட்டுவதை இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக டிடக்டிபிளில் சேர்க்க மாட்டார்கள். பெரிய ஆபரேஷன் வரும் வருடம் என்றால் கணக்கு மாறிவிடும்.

குட்மேன் சொன்னது அன்றைக்கு அச்சு அசலாக வேலை செய்தது. ஆனால் நடுராத்திரி இரண்டு மணிக்கு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது நான் யாரிடமும் விலை கேட்கவில்லை. கேட்கவும் தோன்றாது. அந்த ஒரு ராத்திரிக்கு நாலு பில் வந்தது: மருத்துவமனை, டாக்டர், ஸ்கேனைப் படித்தவர், லேப். 1970-களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கி நடத்திய பெரிய பரிசோதனையிலும் இந்தச் சிக்கல் தெரிந்தது. கையிலிருந்து கட்ட வேண்டியவர்கள் தேவையில்லாத வைத்தியத்தை மட்டுமல்ல, தேவையான வைத்தியத்தையும் குறைத்துக்கொண்டார்கள். அதனால்தான், கையிருப்பில் டிடக்டிபிள் அளவுக்குப் பணம் இல்லாதவர்களிடம் இந்தப் பிளானை எடுங்கள் என்று நான் சொல்வதே இல்லை. தம்பி ஒருவர், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், நெஞ்சு எரிச்சலைச் செலவுக்குப் பயந்து பத்து நாள் தள்ளிப்போட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வருடாந்தரப் பரிசோதனை, தடுப்பூசி இவற்றுக்கு டிடக்டிபிள் கிடையாது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கை நடத்தும் கம்பெனியையும் பாருங்கள். என் பழைய கம்பெனி கொடுத்த கணக்கில், வேலையை விட்டதும் மாதாமாதம் கட்டணம் பிடிக்க ஆரம்பித்தார்கள். மாற்றச் சொன்னால் காகிதச் செக் அனுப்பினார்கள். பணம் வந்து சேர ஐந்து வாரம். கட்டணமே இல்லாத இடங்களும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். இன்னொன்று, ஊரிலிருக்கும் அப்பா அம்மாவின் வைத்தியத்துக்கு இதில் எடுக்க முடியாது. 65 வயதுக்கு முன் வேறு செலவுக்கு எடுத்தால் வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ரசீது. கணக்கு திறந்த பிறகு செய்த செலவாக இருந்தால், பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கெடு கிடையாது. அதனால் சின்னச் செலவுகளைச் சம்பளப் பணத்திலேயே கட்டிவிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போடுகிறேன், தாளை நீலக் கோப்பில் வைக்கிறேன். பல் கிளிப், கண்ணாடி, மருந்து என்று இப்போது 6,212 டாலருக்கு ரசீது சேர்ந்திருக்கிறது. மகள் காலேஜ் சேரும் வருடம் அதை எடுப்பதாக இருக்கிறோம்.