இருட்டில் ஓடிய ரயில்

நகர மையத்திலுள்ள ஒரு சிறிய அரங்கில் ஞாயிறு மாலை நடந்த பியானோ கச்சேரிக்கு நான் 20 வெள்ளி கொடுத்துச் சென்றது, நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரே ஓர் உருப்படிக்காகத்தான். இத்தாலிய இசையமைப்பாளர் ரொசீனி எழுதிய ‘ஒரு சிறு உல்லாச ரயில்’ என்பது அது. 1829-இல் ‘வில்லியம் டெல்’லுடன் ஆப்பெரா என்னும் இசை நாடகங்கள் எழுதுவதை நிறுத்திவிட்ட அவர், பிற்காலத்தில் ‘முதுமைப் பாவங்கள்’ என்று தாமே கேலியாகப் பெயரிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிறு படைப்புகளை இயற்றினார். இது அவற்றுள் ஒன்று. 1836-இல் பெல்ஜியத்தில் ரயிலேறி நடுங்கிப்போனவர் அவர் என்பதை அறிந்து கேட்டால், இதிலுள்ள குறும்பு இன்னும் கூர்மையாகப் புலப்படும்.

இசைத்தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ரொசீனியே குறிப்பு எழுதியிருக்கிறார். அழைப்பு மணி, பெட்டியில் ஏறுதல், சாத்தானின் சீழ்க்கை, பிரேக்கின் இனிய மெல்லிசை என்று கதை நகர்ந்து, பிறகு பயங்கரமாகத் தடம்புரள்கிறது. இறந்தவர் இருவரில் ஒருவர் மேலேறும் சுரவரிசையில் சொர்க்கத்துக்கும், மற்றவர் கீழிறங்கும் சுரவரிசையில் நரகத்துக்கும் போய்ச் சேருகிறார்கள். இரங்கல் இசை ஓய்ந்ததும், ‘வாரிசுகளின் கடுந்துயரம்’ என்ற குறிப்பின் கீழ் துள்ளும் வால்ட்ஸ் நடன இசை ஒன்று ஒலிக்கிறது. சொல்லும் இசையும் பிரிக்க முடியாதபடி பின்னிய இதை, நம் கதாகாலட்சேபத்துக்கு உறவென்றே சொல்லலாம்.

வாசித்த இளைஞரிடம் குறை காண இடமில்லை. ரயிலின் ஓட்டத்தை அவர் சற்றும் பிசகாமல் காத்ததோடு, பிரேக் பகுதியில் சிரிப்பை அடக்கிக்கொண்டவர்போல மிகப் பவ்வியமாக வாசித்தார். (நம் பெருவிரைவு ரயிலின் பிரேக்கில் யாரும் மெல்லிசை கேட்டதாக நான் அறியேன்.)

குறையெல்லாம் ஏற்பாட்டாளர்களுடையது. அந்தக் குறிப்புகளைக் கையேட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, விளக்குகளை முற்றிலும் அணைத்துவிட்டார்கள். யாராவது ஒருவர் அவற்றை உரக்க வாசித்திருக்கலாம், திரையிலாவது காட்டியிருக்கலாம். அப்படி எதுவும் செய்யாததால், தடம்புரண்ட இடத்தில் உருப்படி முடிந்துவிட்டதென்று எண்ணிச் சிலர் கைதட்டினார்கள். வாரிசுகளின் வால்ட்ஸுக்கோ அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. சாவுக்குப் பிறகு எதற்கு இந்தக் கொண்டாட்டம் என்று என் பக்கத்து இருக்கையில் இருந்த சீன மாது மெல்லக் கேட்டார். “சொத்து கைக்கு வந்துவிட்டது” என்றேன். அடுத்த உருப்படி தொடங்கிய பிறகும் அவரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.