எட்டு வாரத் தன்பரிவுப் பயிற்சி: நோயாளியின் பார்வையில் ஒரு மதிப்புரை

உளவியலாளர்கள் கிறிஸ்டின் நெஃப், கிறிஸ்டோபர் ஜெர்மர் ஆகிய இருவரும் 2010இல் உருவாக்கிய தன்பரிவுப் பயிற்சி, வாரத்துக்கு ஒரு வகுப்பாக எட்டு வாரங்களும் இடையில் அரை நாள் மௌன அமர்வும் கொண்டது. பல ஆண்டுகளாக முடக்குவாதத்துடன் வாழ்பவள் என்ற முறையில் இணையவழிக் குழுவொன்றில் இதை முடித்தேன். நோயையும் மூப்பையும் ஏற்றுக்கொள்ள இது எந்த அளவுக்குத் துணைசெய்கிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

தன்னிடம் கனிவு, துன்பம் எல்லோருக்கும் பொதுவானது என்ற உணர்வு, உள்ளதை மிகைப்படுத்தாமல் கவனிக்கும் விழிப்பு ஆகிய மூன்றும் பயிற்சியின் அடிப்படை. இவற்றில் நோயாளிக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவது என்பேன். உடல் தளரத் தளர, மற்றவர்கள் எல்லோரும் நலமாக இருக்க நாம் மட்டும் எங்கோ தவறிவிட்டோம் என்ற எண்ணம் வலுக்கிறது; நோய்க்குக் காரணம் கேட்டுத் துளைக்கும் உறவினர்கள் அதற்கு உரம் போடுகிறார்கள். புகைபிடித்தவருக்கு வந்த நுரையீரல் நோயிலும், உணவில் கவனக்குறைவாக இருந்தவரின் நீரிழிவிலும் இந்தக் குற்றவுணர்வு இன்னும் கடுமையானது, ஏனென்றால் அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

பயிற்சியின் சிறந்த பகுதி இந்த இடத்தில்தான் வருகிறது. தன்னை மன்னிப்பது என்றால் நடந்ததை மறுப்பதோ பூசி மெழுகுவதோ அல்ல. முதலில் அதனால் விளைந்த வலியை நேராகப் பார்த்து, பிறகு அந்தச் செயலுக்குப் பின்னால் அறியாமை, அச்சம், வறுமை, பழக்கம் என எத்தனை காரணங்கள் பின்னிக் கிடந்தன என்பதை உணர்ந்து, அதன் பிறகே மன்னிக்க முயல வேண்டும் என்று படிப்படியாகக் கொண்டுசெல்கிறார்கள். அவசரப்படுத்தாத இந்த வரிசையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்படி மன்னித்துக்கொண்டால் மருந்தையும் கட்டுப்பாட்டையும் கைவிட்டுவிடுவோமோ என்ற ஐயம் பலருக்கு எழும். நியூசிலாந்தில் நீரிழிவு நோயாளிகள் 63 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவையே தந்தது: இப்பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததோடு, பல வார இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவும் இறங்கியது. சிறிய ஆய்வுதான் என்றாலும் புறக்கணிக்கத்தக்கதன்று.

தன்னிடம் கனிவு காட்டத் தொடங்கியதும் பழைய துயரங்கள் பீறிட்டு எழக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். மூடிய அறையில் எரியும் தீ, கதவு திறந்து காற்றுப் பட்டதும் பாய்ந்து வருவதைப் போன்றது அது என்பது அவர்களுடைய விளக்கம். அத்தகைய நேரத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பாதங்களின் தொடுவுணர்வில் கவனத்தை வைக்கச் சொல்வது எளிய, பயனுள்ள அறிவுரை.

குறைகளும் உண்டு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் அமர்வு மூட்டுவலிக்காரருக்கு ஒரு சோதனை. உடலின் ஒவ்வொரு பகுதியையும் அன்போடு கவனிக்கும் பயிற்சி, வலியே குடிகொண்ட உடலில் சில நாட்களில் எதிர்விளைவைத் தருகிறது. கவனத்தை ஓசைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை நானாகக் கேட்ட பிறகே சொன்னார்கள்.

இவற்றைவிடப் பெரிய குறை, மரணத்தைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாக இருப்பது. வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு, கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் உருவாக்கிய கண்ணியச் சிகிச்சையே பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் நோயாளியிடம் அவர் வாழ்வின் முக்கியமான தருணங்களையும், அன்புக்குரியவர்களிடம் இன்னும் சொல்ல வேண்டியவற்றையும் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கிச் செம்மைப்படுத்தி அவரிடமே ஒப்படைக்கிறார்கள். சொல்லாமல் விட்ட மன்னிப்புக் கேட்டலுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது.

ஆகவே, நாள்பட்ட நோயோடும் முதுமையோடும் இன்னும் பல ஆண்டுகள் வாழ வேண்டியவர்களுக்கு இப்பயிற்சியைப் பரிந்துரைப்பேன். கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது. உடல்நிலைக்கேற்பப் படுத்தபடியே பங்கேற்க அனுமதி உண்டா என்பதை எல்லோரும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.