எட்டிமோட்டிக் இஆர்4எஸ்ஆர்: பல வருடம் கேட்டேன், இப்போது விற்றுவிட்டேன்

போன மாதம் என்னுடைய எட்டிமோட்டிக் இஆர்4எஸ்ஆர் இயர்ஃபோனை விற்றேன். இந்த மாடலுக்குப் புதிதில் வந்த விமர்சனங்கள் ஏகப்பட்டது இருக்கிறது. பல வருடம் காதில் கிடந்த பிறகு அது எப்படி இருக்கிறது, பழசை விற்கும்போதும் வாங்கும்போதும் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இஆர்4 வரிசை 1991இல் வந்தது. காது கேட்கும் விதத்தை ஆராய்ந்த மீட் கில்லியன் 1983இல் தொடங்கிய கம்பெனிதான் எட்டிமோட்டிக். நான் வைத்திருந்த எஸ்ஆர் 2016இல் வெளியானது. ஒரு காதுக்கு ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மச்சர் ட்ரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்), அதாவது காது கேட்கும் கருவிகளில் வைக்கிற அதே வகை. இன்று ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்து ட்ரைவர் வைத்தெல்லாம் விற்கிறார்கள். ஆனால் கச்சேரிப் பதிவு கேட்கிறவர்களுக்கு இந்த ஒற்றை ட்ரைவர் தருகிற தெளிவு எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். தம்புராவின் தந்திகள் பின்னால் தனித்தனியாகக் கேட்கும், பாடகர் மூச்சு எடுக்கும் இடம் தெரியும், மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழுவது பளிச்சென்று இருக்கும். அதன் மறுபக்கமான தொப்பியின் கனம் மட்டும் கொஞ்சம் குறைவு. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று ஒவ்வொரு சுரமாகப் பிடிக்கலாம், ஆனால் நெஞ்சில் இடிக்காது. அந்த இடி வேண்டும் என்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம், நிச்சயம் பிடிக்காது.

இதன் பெரிய பலம் வெளிச்சத்தத்தைத் தடுப்பது. 35 முதல் 42 டெசிபல் வரை என்று கம்பெனி சொல்கிறது. மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகூட பாட்டைக் குறைந்த சத்தத்தில் வைத்துக் கேட்க முடிந்தது. பல வருடம் தினமும் கேட்டும் காதுக்குக் கெடுதல் வராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதற்கு விலை என்னவென்றால், டிப்ஸ் என்கிற மூன்று அடுக்கு சிலிக்கோன் முனைகள் காதுக்குள் நன்றாக ஆழமாகப் போக வேண்டும். பழக நாளாகும், சிலருக்குப் பழகவே பழகாது. கேபிள் சட்டையில் உரசினால் அந்தச் சத்தமும் உள்ளே வரும், கிளிப்பைக் காலரில் மாட்டிக்கொண்டால் குறையும். மின்தடை 45 ஓம்தான் என்பதால், ஃபோனில் செருகி இயர்ஃபோனை மாட்டுகிற சாதாரண டாங்கிளே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்புறம் ஏன் விற்றேன்? இப்போது வேலை வீட்டிலிருந்துதான். அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும், காலிங் பெல் கேட்க வேண்டும். இதைப் போட்டால் எதுவும் கேட்காது. இவ்வளவு நல்ல பொருள் டப்பாவுக்குள் தூங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

பழைய இயர்ஃபோன் என்றதும் எல்லோரும் தயங்குவது ஒரே காரணத்துக்காகத்தான், இன்னொருவர் காதுக்குள் போனதாயிற்றே என்று. அந்தத் தயக்கம் ரொம்ப நியாயமானது. இந்த மாடலில் அதற்கு நல்ல வழி இருக்கிறது: காதைத் தொடுகிற டிப்ஸ் முழுக்க மாற்றிவிடலாம், இயர்ஃபோனின் குழாய் நுனியில் இருக்கும் சின்ன ஃபில்டரையும் கூடவே வருகிற கருவியால் எடுத்துவிட்டுப் புதிது போடலாம். கேபிளும் தனியாகக் கழலும். உலோக உடலை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் முடிந்தது. ஆனால் துளைக்குள் எந்தத் திரவமும் போகக் கூடாது, ட்ரைவர் போய்விடும். விற்பதற்கு முன் இதையெல்லாம் செய்து, பழைய ஃபில்டரையும் புதிய ஃபில்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் மெசேஜ் அனுப்பினார்கள்.

அந்த ஃபில்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. காது அழுக்கைத் தடுப்பதோடு ஒலியின் கூர்மையையும் அதுதான் சீராக்குகிறது. அது அடைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சத்தம் குறையும், மேல் சுரங்கள் மங்கும், ட்ரைவரே போய்விட்டது என்று பயந்து குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் ஃபோனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் போய் மோனோ ஆடியோவை (இரண்டு பக்கமும் ஒரே ஒலி) போட்டுக் கேளுங்கள். குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இடது வலதை மாற்றிக் காதில் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை பொருளில் இருக்கிறது, மாறாவிட்டால் உங்கள் காதில் அது சரியாகப் பொருந்தவில்லை. கேபிள் சேரும் இடத்தை லேசாக அசைத்து, சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எஸ்ஆரோடு வரிசை எண் போட்ட ஒரு சான்றிதழ் வரும், இரண்டு பக்கமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவீட்டோடு. அதைப் பத்திரமாக வைத்திருந்தது விலை பேசும்போது உதவியது. டப்பா, பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

விலை விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். 2016இல் இது 349 டாலர். 2022இல் 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ என்ற இயர்ஃபோன் 20 டாலருக்கு வந்து நன்றாகவே பாடியது. அதன் பிறகு பழைய மாடலுக்குப் பழைய விலை கேட்பதில் அர்த்தமில்லை. 13,500 ரூபாய் சொல்லி 12,000க்குக் கொடுத்தேன். "கடைசி விலை என்ன ப்ரோ" என்று மட்டும் கேட்டவர்களுக்கு நான் பதில் போடவில்லை. என்ன பாட்டு கேட்பார்கள், எந்த ஃபோன் என்று பேசியவர்களோடு மட்டும் பேசினேன்.

நடுவில் ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பொருளைப் பார்க்காமலேயே முழு விலைக்கும் சம்மதித்து, பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யுங்கள் என்று க்யூஆர் அனுப்பினார். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். வீட்டில் பெரியவர்கள் ஏதாவது விற்கப் போட்டிருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியில் வாங்கியது வயலின் படிக்கிற ஒரு தம்பி. ஆலந்தூர் மெட்ரோவில் சந்தித்தோம். அவரே டாங்கிள் கொண்டுவந்திருந்தார். "அண்ணா, ஃபில்டர் மாத்தியாச்சுல்ல?" என்றுதான் முதலில் கேட்டார், எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. அவசரமில்லாமல் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு மீதி ஃபில்டர்களையும், பிரிக்காத டிப்ஸ் ஒரு ஜோடியையும் சேர்த்தே கொடுத்தேன். டிப்ஸைத் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துப் போடச் சொன்னேன். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும், இல்லையென்றால் செவிப்பறை வலிக்கும். பேஸ், அதாவது அடி ஒலி, கொஞ்சமும் இல்லை என்று தோன்றினால் பொருளைக் குறை சொல்வதற்கு முன் டிப்ஸ் அளவை மாற்றிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன்.