வில்லியம் லாஸின் வயோல் இசை: ஜோர்தி சவாலின் இரட்டை சிடி

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் அரசவை இசை என்றால் விருந்துக்குப் பின்னால் மெத்தென்று ஓடும் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். 2002இல் அலியா வாக்ஸ் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. ஐந்து, ஆறு வயோல்களோடு ஒரு ஆர்கனும் சேரும்படி அந்த அரசவையின் இசையமைப்பாளர் லாஸ் எழுதிய செட்கள், அதாவது சில துண்டுகள் சேர்ந்த தொகுப்புகள், வாசிப்பது வயோல் கலைஞர் சவாலின் ஹெஸ்பெரியன் 21 குழு.

வயோல் பார்க்க செல்லோ மாதிரி இருந்தாலும் குடும்பம் வேறு. பெரும்பாலும் ஆறு தந்தி, கழுத்தைச் சுற்றி நரம்பால் கட்டிய மெட்டுகள், சின்னதோ பெரியதோ எல்லாவற்றையும் மடியிலோ கால்களுக்கு நடுவிலோ நிறுத்தி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க வில்லைப் பிடித்து வாசிப்பார்கள். அதனால் ஒலி வயலின் அளவுக்குப் பெரிதாக எழாது, ஆனால் ஆறு வயோல்களின் குரல்களும் தனித்தனியாகக் காதில் விழும், லாஸ் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிறார்: ஒரு குரல் இறங்கும் இடத்தில் இன்னொன்று வேண்டுமென்றே உரசுகிறது, அந்த உரசல் தீரும் என்று காத்திருக்கும்போதே அடுத்தது வந்துவிடுகிறது. ஆறு பேருக்கான சி மைனர் செட்டில் இது உச்சம். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

லாஸ் 1645இல், உள்நாட்டுப் போரில், செஸ்டர் அருகே அரசர் பக்கம் நின்று செத்துப்போனார், வயது 43தான். இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பாரே என்று ஆதங்கமாக இருக்கிறது.

சவால் குழு வாசிப்பு அடர்த்தியானது, சில இடங்களில் நிதானம். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு சிடியையும் ஒரே மூச்சில் போடாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு செட் போதும், அதுவும் ஹெட்ஃபோனில். சரி, எதில் தொடங்குவது என்றால் அந்த சி மைனரிலேயே தொடங்குங்கள்.