66 டிகிரி என்று பொறித்திருந்தால் நம்பிவிடாதீர்கள்: பெங்களூரில் ஐபீஸ் வாங்குவோருக்கு

பெங்களூர்க் கடை ஒன்றில் 4,500 ரூபாய்க்கு விற்ற, 9 மி.மீ. குவியத் தூரமுள்ள ஐபீஸ் (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் தொகுதி) இது. மேலே ‘66 டிகிரி, ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்று பளிச்சென்று பொறிப்பு. அதாவது பார்வை விரியும் கோணம் 66 டிகிரி, எல்லா லென்ஸ் பரப்பிலும் பிரதிபலிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு. உள்ளே இருந்தது 50 டிகிரிகூடத் தேறாத சரக்கு. திருப்பிக் கொடுக்கப் போனால், “பெட்டியப் பிரிச்சாச்சு சார், எடுக்க முடியாது” என்று கைவிரித்துவிட்டார்கள்.

புளுகைப் பிடிக்க நிலாவே போதும். 900 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் 9 மி.மீ. போட்டால் 100 மடங்கு. 66 டிகிரி உண்மையானால், அதை 100-ஆல் வகுத்து, வானத்தில் 0.66 டிகிரி அகலம் தெரியும். நிலா அரை டிகிரிதான்; சுற்றிலும் கறுப்பு இடம் மிச்சமிருக்க வேண்டும். இதில் நிலா விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் நட்சத்திரத்தை ஓடவிடுங்கள். ஓரையன் விண்மீன் கூட்டத்தின் இடைவாரில் மேற்கோரமாக இருக்கும் மின்டாகா, வான நடுக்கோட்டை ஒட்டியது. மோட்டார் இருந்தால் நிறுத்திவிட்டு, ஒரு விளிம்பில் நுழைந்து நடுவழியாக மறு விளிம்புக்குப் போகும் நேரத்தைக் குறியுங்கள். வினாடிக்கு 15 ஆர்க் வினாடி (ஒரு டிகிரிக்கு 3,600 ஆர்க் வினாடி) நகரும். 66 டிகிரிக்கு ஏறக்குறைய 158 வினாடி ஆக வேண்டும். இந்த ஐபீஸில் 118. கணக்குப் போட்டால் 49 டிகிரி.

கோட்டிங்கைக் கடையிலேயே பார்த்துவிடலாம். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து இரு பக்கமும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்பு மங்கலாக, பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் சரி. வெள்ளை வெளேரென்று ஒன்று தெரிந்தால் அந்தப் பரப்பில் கோட்டிங்கே இல்லை. சுமார் 4 சதவீத வெளிச்சம் அங்கேயே போய்விடும். இதில் கண் வைக்கும் பக்கம் ஊதா, அடிப்பக்கம் வெள்ளை! குழாயின் உட்புறம் மங்கலான கறுப்பாக இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். பளபளத்தால் நிலாவைச் சுற்றி வெண்புகை படரும்.

தொலைநோக்கிப் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போடுவது பழைய வித்தை. 76 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத் தூரம், 4 மி.மீ. ஐபீஸ், உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ். பெருக்கல் சரிதான், ஆனால் 76 மி.மீ. கண்ணாடி தாங்குவது 150 மடங்கு வரை. அந்த 4 மி.மீ.யில் இமை லென்ஸில் உரசும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அது உதவவே உதவாது. அதைவிட நேர்மையான 10 மி.மீ., 25 மி.மீ. ப்ளாஸல் (எளிய வகை ஐபீஸ்) இரண்டு மேல்.

உங்களுடையது எஃப்/5 (குவியத் தூரம் விட்டத்தைப் போல 5 மடங்கு) நியூட்டோனியன், அதாவது கண்ணாடித் தொலைநோக்கி, என்றால் மலிவான அகலக்கோண ஐபீஸில் ஓர நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைக்கும். எஃப்/10-இல் அதே ஐபீஸ் பரவாயில்லாமல் காட்டும். எனவே கடைக்காரரின் தொலைநோக்கியில் அல்ல, உங்களுடையதில் போட்டுப் பாருங்கள். பழையது வாங்கினால் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

செட்டோடு ‘சன்’ என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி வந்தால் உடனே உடைத்துப் போடுங்கள். ஐபீஸில் திருகும் அந்த வடிகட்டி சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரிய வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில்தான் மாட்ட வேண்டும்.

பில்லில் வெறும் ‘ஐபீஸ் 1’ என்று எழுத விடாதீர்கள். 66 டிகிரி, முழு கோட்டிங் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்க வேண்டாம். எழுதிக் கொடுத்தும் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.